தையலுக்கு விட்ட ஒரு அடி

தையல்காரருக்குக் கணையத்தில் கட்டி. ஹார்மோன் சுரக்கும் செல்களில் முளைத்து, நிதானமாக வளரும் வகை. ஊசியில் ஏற்றினால் கட்டியைத் தானே தேடிப் பிடித்து அங்கேயே கதிர்வீச்சைக் கொட்டும் மருந்து புதிதாக வந்திருக்கிறதாம். அதை அன்று காலை ஏற்றினார்கள். அவருக்குப் பயமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. வேறு யாருக்கோ நடப்பதுபோலப் படுத்துக் கிடந்தார்.

"ஒரு வாரத்துக்கு உங்க உடம்புலேர்ந்து கதிர்வீச்சு கொஞ்சம் வரும். வீட்டுல யாரா இருந்தாலும் ரெண்டு மீட்டர் தள்ளியே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலிலிருந்து டேப்பை இழுத்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். "இதைத் தாண்டாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மூன்று நாள் அவள் கோட்டருகே தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள். சாப்பிட்டீங்களா என்றாலும் "ம்", வலிக்குதா என்றாலும் "ம்".

நாலாம் நாள் அவர் கண்விழித்தபோது, கோட்டுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அவருடைய டேப்.

"பைத்தியமா உனக்கு? தள்ளிப் போ."

"அளந்து பாத்துட்டேன். டாக்டர் சொன்ன ரெண்டு மீட்டர் என் காலுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது. இந்த ஒரு அடி நீங்களா விட்டது."

அவருக்கு ஞாபகமே இல்லை. நாற்பது வருஷமாக எதை அளந்தாலும் தையலுக்கென்று கொஞ்சம் விட்டே கோடு போட்ட கை, அன்றும் விட்டிருக்கிறது.

"தையலுக்கு விட்டதுலதானே உக்காந்திருக்கேன்" என்றாள்.

அவர் இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.