வாரோமுங்க என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

பஸ்ஸில் தலை எண்ணுவதுதான் என் வேலையில் பாதி. அன்று பினாங்கில், மலைக்கோயில் வாசலில் நின்ற பஸ்ஸில் மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் முப்பத்தெட்டுதான் வந்தது. நாற்பது வர வேண்டும்.

கோவை கணபதியில் ஒரு டிராவல்ஸில் நான் டூர் மேனேஜர். காசி, ராமேஸ்வரம் என்று கூட்டிப்போய்ப் பழகியவளுக்குக் கப்பல் டூர் அப்போது புதிது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கில் ஒரு பகல் இறங்கி, பஸ்ஸில் ஊர் சுற்றிவிட்டு மாலை நாலரைக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும். ரயிலை விட்டால் டாக்சி பிடித்து அடுத்த ஸ்டேஷனில் ஏறலாம். கப்பலுக்கு அந்த வசதி கிடையாது.

காணாமல் போனது ஈரோட்டு மஞ்சள் வியாபாரி பெரியசாமி அண்ணனும் அவர் மனைவி சரசக்காவும். இருவருக்கும் அறுபதுக்கு மேல். தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. செல்போனுக்கு ரோமிங் போடவில்லை. பாஸ்போர்ட் கப்பலில் இருந்தது. துறைமுகத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். மணி மூன்றரை.

உள்ளூர் கைடு மிஸ்டர் லிம், சீனர். நம்மூர்க் கூட்டங்களோடு சுற்றி ஐம்பது தமிழ் வார்த்தை சேர்த்துவைத்திருந்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"கவலை வேணாம் மேடம். நீங்க தண்ணி வாங்கப் போனப்ப என்கிட்ட சொன்னாங்க. வருவாங்க," என்றார்.

பத்து நிமிடம் பார்த்தோம். யாரும் வரவில்லை. மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் எழுந்தார்.

"ஏனுங்க அம்மணி, ரண்டு பேருக்காக அத்தன பேரும் இங்கயே குடியிருக்கறதுங்களா?"

"அதுக்குன்னு வயசானவீகள உட்டுப்போட்டுப் போறதுங்களா? நல்லாருக்குதுங்களா?" என்று பின் சீட்டு அம்மா ஒருவர் சண்டைக்கு வந்தார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லிம்மைத் தனியே அழைத்து, அண்ணனும் அக்காவும் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னேன். அவர் நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"'சரிங்க, அப்ப வாரோமுங்க.' வாரோம்னா கம்மிங், இல்லையா?"

போன உயிரில் பாதி திரும்பி வந்தது. பஸ்ஸுக்குத் திரும்பி வரப்போகிறவர் எதற்குக் கைடைக் கும்பிட வேண்டும்? எங்கள் பக்கம் கிளம்புகிறவர் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். 'வாரேன்' என்பார்கள். இவர்கள் விடைபெற்றிருக்கிறார்கள். காலையிலிருந்தே அண்ணன் வயிறு சரியில்லை என்று முனகிக்கொண்டிருந்தார். டாக்சி பிடித்துக் கப்பலுக்கே போயிருப்பார்கள்.

இருந்தாலும் ஊகம் ஊகம்தான். ஒருவேளை அவர்கள் வந்தால் பார்த்துக்கொள்ள லிம்மை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னேன். நான் நினைத்தது தப்பானால் ஈரோட்டில் இருக்கும் அவர்கள் மகனுக்கு என்ன பதில் சொல்வேன்? வழி நெடுக அது ஒன்றே மனதில் ஓடியது. அந்த நாற்பது நிமிடத்தில் பினாங்கு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நாலு இருபத்தைந்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். கப்பல் வாசலுக்கு உள்ளே சரசக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"எங்க அம்மணி போனீங்க இத்தன நேரம்? உங்களயெல்லாம் காணமேன்னு நாங்க பயந்தே போயிட்டமுங்க."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "சொல்லாம வரலாமாக்கா?" என்றேன்.

"சொல்லாம வருவமா கண்ணு? அந்தச் சீனக்காரத் தம்பிகிட்டக் கும்பிட்டுச் சொல்லீட்டுத்தான வந்தோம்."

"இனிமே போறோம்னே சொல்லிப்போடுங்கக்கா."

அக்கா முகம் மாறிவிட்டது. "கடல் மேல இருந்துக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லச் சொல்றயே அம்மணி," என்றார்.

லிம்முக்குப் போன் செய்தேன். பாவம், மனிதர் அந்தக் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, வாரேன் என்றால் வருவதும் உண்டு, போவதும் உண்டு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நன்றி சொல்லி, "அப்ப வாரேனுங்க மிஸ்டர் லிம்," என்று பழக்க தோஷத்தில் முடித்தேன்.

"மேடம், இது எந்த வாரேன்?" என்றார்.

அன்றிலிருந்து, யார் வாரேன் என்று சொன்னாலும் கொஞ்சமும் வெட்கப்படாமல் நானும் அதைத்தான் கேட்கிறேன்.