பாட வந்தவர்களா, ஆள் பிடிக்க வந்தவர்களா

நானும் என் தம்பியும் சோடியாகப் பாடுவோம். நான் தொடங்குவேன், அவன் கீழ்க்குரலில் கூடவே வருவான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் எங்களைத்தான் அழைப்பார்கள்.

ஆனால் நாங்கள் பாடிவிட்டு வந்த லயங்களிலிருந்து, அந்தக் கூலிகளின் வரிசை வீடுகளிலிருந்து, சில நாட்களில் ஏதாவது ஒரு குடும்பம் சட்டிபானையோடு வேறு தோட்டத்துக்கு ஓடிவிடும். பூனாகலைத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர் எங்களை வழிமறித்தார்.

"பாட வந்தீங்களா, ஆள் பிடிக்க வந்தீங்களா?"

நான் சாமிமேல் சத்தியம் செய்தேன். தம்பி வாயே திறக்கவில்லை. அதிலிருந்துதான் அவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பாட்டு முடிந்ததும் வெற்றிலை கேட்டுக்கொண்டு லயத்துக்குள் போகிறானே, அங்கே என்ன பேசுகிறான்?

எங்கள் ஊரான பதுளைக்குத் திரும்பும் வழியில் கேட்டேவிட்டேன்.

"நீதானாடா?"

அவன் நின்றுவிட்டான். "நான் உன்னையத்தான் நெனச்சேன், அண்ணே. பொம்பளைங்க உன்னையச் சுத்தி நின்னு பேசுறாங்களே."

"எந்தத் தோட்டத்துல தொரை அடிக்க மாட்டாருன்னு கேப்பாங்க. தெரிஞ்சதச் சொல்லுவேன்."

"என்கிட்டயும் அதான் கேட்டாங்க. நானும் சொன்னேன்."

அதற்காக அந்தத் தோட்டத்துக் கங்காணிகளிடம் காசு ஏதும் வாங்கினாயா என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு எந்தத் தோட்டமும் எங்களைக் கூப்பிடவில்லை. பதுளைக் கடைவீதியில் பாடிப் பிழைத்தோம். குரல்கள் முன்போலவே இழைந்தன. பாட்டு முடிந்து கூட்டம் கலையும்போது மட்டும், அவன் யாரோடு பேசுகிறான் என்று நான் பார்ப்பேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.