பாரிசுக்கும் லண்டனுக்கும் இடையில் மொன்றியல்

லண்டனில் அண்ணை, பாரிசில் அக்கா, மொன்றியலில் நான். எட்டு வருசமாக அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சண்டை ஒன்றுமில்லை, ஞாயிறு தவறாமல் போனில் கதைப்பார்கள். யார் முதலில் யாரிடம் போவது என்பதுதான் தீராத பிரச்சினை.

ஒருநாள் அண்ணை எனக்கு போன் எடுத்தார்.

"தம்பி, லண்டன், பாரிஸ் ரெண்டு எயார்போட்டுக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு பார்."

பார்த்தேன். "முந்நூற்றைம்பது கிலோமீற்றர் வரும். ஒண்டேகால் மணித்தியாலத்தில போயிடலாம்."

"எனக்கு அப்பிடியில்லை. அவள் பாரிசில பத்து மணிக்கு ஏறினால் இங்க பத்தேகாலுக்கு இறங்குவாள். நான் பத்துக்கு ஏறினால் அங்க பன்னிரண்டேகால். கால் மணித்தியாலத்தில வரக்கூடியவள் வராமல், ரெண்டேகால் மணித்தியாலம் நான் போறதோ?"

"அண்ணை, அங்க மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. அதுதான்."

"ஆரின்ர மணிக்கூடாய் இருந்தாலும் போறது என்ர நேரம்."

இதை அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திரும்பிப் போகேக்க அவருக்கும் கால் மணித்தியாலம்தானே" என்றார்.

போன மாரிக் குளிரில் நாங்கள் மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் ஒரு வீட்டுக்குக் குடிபுகுந்தோம். அதற்கு இரண்டு பேரும் ஆளுக்கு ஏழு மணித்தியாலம் பறந்து ஒரே பின்னேரம் வந்து இறங்கினார்கள். எயார்போட்டில் கட்டிப்பிடித்து அழுதார்கள். கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனி நீங்கள்தான் அண்ணை பாரிசுக்கு வரவேணும்." வீடு வந்து சேரும்வரை நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.

அண்ணை திரும்பும் நாளில், விழுந்ததும் பனிக்கட்டியாகிற உறைமழை. அண்ணையின் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் போகவிருந்த அக்காவின் விமானத்திலேயே, பாரிஸ் வழியாக, அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

பாரிசில் அவருக்கு ஐந்து மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"வீடு அரை மணித்தியாலம்தான், வாங்கோ" என்றார் அக்கா.

"நான் பாரிசுக்கு வரேல்லை. லண்டனுக்குப் போறன்."

அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தனியாக வீட்டுக்குப் போய், புட்டு அவித்து, மீன்குழம்பும் வைத்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இருவரும் எயார்போட் கதிரையிலேயே சாப்பிட்டார்கள்.

இரவு அக்கா போன் எடுத்தார். "அண்ணை வந்திட்டுப் போயிட்டார்." குரலில் அப்படியொரு சந்தோசம்.

பிறகு அண்ணை எடுத்தார். "நான் போகேல்லை, தம்பி. புட்டுத்தான் வந்தது."

நான் இருவருக்கும் "ஓம், சரிதான்" என்றேன்.

அண்ணை வந்துவிட்டாரே என்று அக்கா அடுத்த வசந்தத்தில் லண்டனுக்குப் போனார். தங்கச்சிதான் முதலில் வந்தாள் என்று அண்ணை அவரை மாலை போடாத குறையாக வீட்டுக்கு அழைத்துப் போனார். பத்து நாள் என் போனுக்கு ஒரே படங்களாக வந்தன. பதினோராம் நாள் அண்ணையின் போன்.

"தம்பி, இவள் எப்ப போறாள் எண்டு மெல்லமாக் கேட்டுச் சொல்லு. நான் கேட்டால் சரியில்லை."