தலைவர் படத்துக்கு ஏன் வியர்த்தது?

"தீர்ந்துபோன கேஸ் எங்க போச்சு?"

எங்கள் குளிர் அறை மெஷினைக் காட்டி நுரை அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் ஐஸ்கிரீம் மொத்தக் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

"காலியாயிடுச்சுக்கா. ரெண்டு வருஷமாவே மூணு மாசத்துக்கு ஒரு தடவை காலியாகுது. நிரப்பிக்குவோம்," என்றேன்.

"வண்டியில பெட்ரோல் எரியுது, அதனால காலியாகுது. இது எரியுதா? மூடின குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வருது. அப்புறம் எப்படிக் காலியாகும்?"

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏம்மா, இருபது வருஷமா குளிர் அறை வெச்சிருக்கேன். மெஷின்னா கேஸ் குடிக்கத்தான் செய்யும்."

என் அப்பா எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். தலைவருக்குத் தெரியாதது என்று ஒன்று கிடையாது. இருந்தால், அது தெரிந்துகொள்ளத் தேவையில்லாத விஷயமாக இருக்கும். வழக்கமாகக் கேஸ் நிரப்பித் தரும் அண்ணன் சொந்த வீடு கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த வீட்டுச் சுவர் முழுக்க எங்கள் கேஸ்தான் என்று அம்மா சொல்வாள். அதனால்தான் நுரை அக்காவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

எங்கே போனாலும், குழாயில் கசிவு இருந்தால் நுரைத்துக் காட்டும் என்று ஒரு பழைய சாஸ் பாட்டிலில் சோப்புக் கரைசலும், தன் மகனின் ஓவியத் தூரிகையும் கொண்டு வருவார். அதனால் தெரு வைத்த பெயர் நுரை. ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, தனியாகத் தொழில் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் எங்கள் கடை போகக் குளிர் மெஷின் வைத்திருக்கும் கடைகள் பதினொன்று. தலைவர் தலையாட்டினால் பதினொன்றும் ஆடும். இந்த வேலை நன்றாக முடிந்தால் அத்தனையும் அக்காவுக்கு. கெட்டால், பழைய கம்பெனி வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அக்கா மீட்டரை மாட்டிப் பார்த்தார். "உள்ள அழுத்தமே பத்தல. இப்ப சோப்பு போட்டா எப்படி நுரைக்கும்? நைட்ரஜன் ஏத்திப் பாக்கணும். சிலிண்டர் நாளைக்குத்தான் கிடைக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "கடைக்குள்ள எங்கயாவது எண்ணெய்ப் பிசுக்கு பாத்தியா?" என்று கேட்டார்.

"தினமும் நான்தான் துடைக்கிறேன். எங்க கடையில தூசிகூட இருக்காதுக்கா," என்றேன் பெருமையாக.

ஐஸ்கிரீம் பெட்டிகளைப் பக்கத்துக் கடைகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். எங்கள் குடும்பத்தின் அவசர உதவிப் படை அவர். எரிகிற வீட்டுக்கு விசிறி எடுத்துக்கொண்டு ஓடக்கூடியவர். பின்புறத்து வெல்டிங் பட்டறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அங்கிருந்த ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இதை ஏத்துங்க. அதுவும் காத்து, இதுவும் காத்து."

அக்காவின் முகம் மாறியது. "சார், நைட்ரஜன் எதையும் எரியவிடாது. இது எரிய வைக்கிறது. கம்ப்ரசர்ல எண்ணெய் இருக்கு. அதோட ஆக்சிஜன் அழுத்தமா சேர்ந்தா வெடிச்சிடும். தீக்குச்சிகூட வேணாம்."

"என் ஃபிரண்டு ரெண்டு தடவை இப்படித்தான் பண்ணியிருக்கான். ஒண்ணும் ஆகல."

"ஆனவங்க யாரும் வந்து சொல்லமாட்டாங்க சார்."

சொல்லிக்கொண்டே மீட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மெயின் சுவிட்சை அணைத்தார். கடைக்குள் நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் தெருவுக்குப் போங்க. நீயும்தான், கிளம்பு," என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா அன்று முதல்முறையாகச் செய்தித்தாளை மடித்தார். "என் கடையில என் வாடிக்கையாளரை விரட்ட நீ யாரு? பையை எடு. இந்தத் தெருவுல இனிமே உனக்கு வேலை கிடையாது."

"எடுத்துட்டேன் சார். இந்தச் சிலிண்டர் போகட்டும், நானும் போயிடறேன்."

வாசலில் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வர முயன்ற ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். பதினொரு கடைக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குள் சிலிண்டரைத் தேடிக்கொண்டு வெல்டிங் அண்ணன் வந்துவிட்டார். "யோவ், யாருய்யா இதை எண்ணெய் மெஷின் பக்கத்துல கொண்டாந்து வெச்சது? எண்ணெய்க் கையோட இந்த வால்வைத் தொட்டாலே எங்க முதலாளி அடிக்க வருவாரு. மொத்தமா போய்ச் சேரணும்னு ஆசையா?"

அப்பா தலையாட்டினார். "அதானே, நானும் அதைத்தான் யோசிச்சேன்."

ஒன்பது வருட அனுபவம் சொன்னபோது ஏறாதது, ஒரு மீசை சொன்னதும் ஏறிவிட்டது. சித்தப்பாவுக்குத் திடீரென்று வேறு இடத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அப்பா என்னிடம், "அந்தப் பொண்ணை வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத," என்றார். நான் சொன்னேன். அவர் சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அக்கா நைட்ரஜனோடு வந்தார். கதவுகளைத் திறந்துவைத்து மின்விசிறியைப் போட்டார். குழாயில் மிச்சமிருந்த கேஸைத் தன் காலி சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம்தானேக்கா, வெளிய விட்டா என்ன?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் உங்கப்பா ரெண்டு வருஷமா விட்டுட்டிருக்காரு."

பிறகு ரெகுலேட்டரை மாட்டி, நைட்ரஜனை மெதுவாக ஏற்றினார். மெஷின் தகட்டில் பொறித்திருந்த அளவு வந்ததும் நிறுத்தினார். ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் சோப்புக் கரைசலைத் தடவினார். எங்கும் நுரைக்கவில்லை. ஆனால் மீட்டர் முள் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது.

மிச்சம் இருந்தது, கல்லாவுக்குப் பின்னால் கேஸ் குழாய் ஓடும் சுவர் மட்டும். அங்கே அப்பா 'சிறந்த வியாபாரி' கேடயம் வாங்கும் படம் மாட்டியிருந்தது.

"இந்தப் படத்தைக் கொஞ்சம் எடுக்கணும் சார்."

"படம் உனக்கு என்ன பண்ணுச்சு?"

எடுத்தபோது தெரிந்தது. கான்கிரீட்டில் ஆணி இறங்கவில்லை என்று, இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா அதை இரும்புக் கம்பியால் அந்தச் செப்புக் குழாயிலேயே தொங்கவிட்டிருந்தார். மெஷின் ஓடும்போதெல்லாம் குழாய் அதிரும். அதிரும்போதெல்லாம் கம்பி அறுக்கும். அக்கா அந்த இடத்தில் சோப்பைத் தடவியதும், ஒரு குமிழி மெல்ல உப்பி, பெரிதாகி, எட்டிப் பார்த்த அப்பாவின் முகத்துக்கு நேராக வெடித்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் காலையில் அந்தப் படத்தில் அப்பாவின் நெற்றியில் ஒரு பிசுக்கு இருக்கும். நான் துடைப்பேன். "உங்கப்பாவுக்குப் படத்துலகூட வேர்க்குது பாரு, அவ்வளவு உழைப்பு," என்பாள் அம்மா. அது கேஸோடு சேர்ந்து கசிந்து, கம்பி வழியாகப் படத்தில் இறங்கிய எண்ணெய். அக்காவின் கேள்விக்கான பதிலை இரண்டு வருடமாக நான்தான் துணியால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா சிரிக்கவில்லை. குழாயைச் சரிசெய்து, மறுபடி அழுத்தம் வைத்துப் பார்த்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கேஸை எடைபோட்டு நிரப்பினார். அதற்குப் பிறகு எங்கள் மெஷின் கேஸ் குடிக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "நண்பர்களே, தீர்ந்துபோன கேஸ் எங்கே போகிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். யாரும் யோசித்திருக்கவில்லை. கடைசியில், "வேலைக்கு நம்ம நுரைதான். நான் கண்டுபிடிச்ச ஆளு," என்று முடித்தார். கடைசி வரிசையில் இருந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது அக்காதான். பதினொரு கடை என்றால் சும்மாவா?

உங்கள் தெருவிலும் மெஷின் கேஸ் குடிக்கும் என்று சொல்லும் ஒரு தலைவரும், அதுவும் காத்து இதுவும் காத்து என்று சொல்லும் ஒரு சித்தப்பாவும் இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். முதலில் சிலிண்டர் கதையைச் சொல்லிவிடுங்கள். படத்தின் கதை மெதுவாகப் போகட்டும். அதைக் கேட்டுச் சிரிக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?