அடைப்புக்குப் பயந்த வீடு

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்காரம்மா, என் அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அக்காவைப் புவனகிரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். நடவு நேரம் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அப்பாவும் அங்கே இல்லை. அவர் ஒட்டியிருந்த அறையில், ஒருக்களித்துச் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், பாயில் படுத்திருந்தார். பேச்சு அவரைப் பற்றித்தான்.

கடலூர் மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும்.

"நான் பொல்லாதவ இல்ல தம்பி," என்றார் அவர். "உங்கப்பா நூறு வயசு இருக்கட்டும். ஆனா வியாழக்கிழம அவிட்டம் பொறக்குது. அதுலேர்ந்து அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாள்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா ஆறு மாசம் அடைப்பு. தைய்யில எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், இதே வாசல்ல."

அடைப்பு என்றால் தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டும். குடியிருக்கக் கூடாது, நல்ல காரியம் நடக்கக் கூடாது. பூட்டிய அறையில் தினமும் அந்திக்கு ஒரு விளக்கு மட்டும் ஏற்ற வேண்டும். பிணத்தைக்கூட நிலைவாசல் வழியாக எடுக்க மாட்டார்கள், சுவரை இடித்து அந்த வழியாக எடுப்பார்கள். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்தும்தான் இதில் கொடியது என்பது சின்னப்பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

"சாவுக்கு நாள் நட்சத்திரம்லாம் தெரியுமாம்மா?" என்றேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் வகையறாவில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். ஆபீசில் குமாஸ்தா. படித்தவன் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கி நீ சாவியக் குடுத்துட்டு வேற வூடு பாத்துக்குவ. நான் எங்க போவேன், சொல்லு."



அந்த வீடு திருப்பாதிரிப்புலியூருக்கு வெளியே, வண்டிப்பாளையம் போகிற வழியில் இருந்தது. மஞ்சக்குப்பத்து ஆபீசுகளில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குள் வாடகை கட்டாமல் இந்தப் பக்கமாக வரத் தொடங்கியிருந்த காலம். முந்திரித் தோப்பை வெட்டி மனை போட்டிருந்தார்கள். பாதி மனைகளில் வீடு, மீதியில் முள். நான் தினமும் கெடிலம் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் போய்வந்தேன். முன்கட்டில் வீட்டுக்காரம்மாவும் அவர் மகளும் இருந்தார்கள். பின்கட்டில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி எங்களுக்கு. எல்லாம் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ், கிணறு பொது. வாடகை இருபது ரூபாய், மூன்று மாதம் அட்வான்ஸ். எத்தனை பேர், என்ன வேலை, என்ன ஆட்கள் என்று மூன்றையும் கேட்டு, நாங்களும் அவர்களும் ஒரே ஆட்கள்தான் என்று தெரிந்த பிறகே சாவியைக் கையில் கொடுத்தார்.

ஊருக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்கலாம். மாமாவும் முதலில் அதைத்தான் சொன்னார். ஆனால் ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணத்துப் பாசனத்தில் ஒருவர் நிலத்தில் அப்பா ஆயுசு முழுக்க வேலை செய்தார். அவருடைய களத்து ஓரத்தில்தான் எங்கள் குடிசை. எனக்கு உத்தியோகம் கிடைத்த மாதமே நிலக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, "புள்ளதான் கவர்மெண்டுல சேந்துட்டானே, இன்னும் இன்னாத்துக்கு உனக்கு இந்த எடம்?" என்று கேட்டு, அங்கே வேறு ஆளை வைத்துவிட்டார். அப்பா ஒரு அலுமினியக் குண்டானையும் இரண்டு மண்வெட்டிகளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கடலூரில் மண்வெட்டிக்கு வேலை இல்லை. அவை கதவுக்குப் பின்னால் சாத்தியே கிடந்தன.

அப்பாவுக்கு அந்த வீட்டில் பிடித்தது அறையில் தொங்கிய பல்புதான். பொழுது சாயும் முன்பே, "தம்பி, லைட்டப் போடு" என்பார். "இன்னும் இருட்டலையேப்பா" என்றால், "இருட்டுனப்புறம் போட்டா இருட்டு ஏற்கெனவே உள்ள வந்துடும்" என்பார். நோய் வந்து படுத்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னைய எங்கியும் கொண்டுபோவாத. உள்ளாறவே வெச்சிரு." நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

அன்று கூடத்தில் வழி சொன்னவர் வீட்டுக்காரம்மாதான். கொல்லையில், எங்கள் அறைச் சுவருக்கு எதிரே, அவருடைய மாட்டுக் கொட்டாய் இருந்தது. மாட்டை விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. "தட்டி கட்டித் தரேன். கயித்துக்கட்டிலு நம்மகிட்டயே இருக்கு. அஞ்சே அஞ்சு நாளு. ரேவதி போனதும் மறுபடி உள்ள தூக்கியாந்துடுங்க. நான் வேணான்னு சொல்லல."

மாமா மடியில் பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார். அரிசி மில்லில் எடை போடுகிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனாலும் எங்கள் உறவில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். விரலை வைத்து வரி வரியாக நகர்ந்து, "வியாழன் மத்தியானத்துக்கு மேல அவிட்டம். செவ்வாக்கெழம காலையில ரேவதி முடியுது," என்று சொல்லிப் பஞ்சாங்கத்தை மூடினார். "படிச்ச புள்ள, நீயும் ஒருக்கா பாரு மாப்ள" என்று என்னிடம் நீட்டினார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லி, அதை நான் கையால்கூடத் தொடவில்லை.

கடைசியில் அம்மாதான், "அவங்க வூடு, அவங்க சொல்றாங்க" என்றாள். முடிவு அதோடு ஆகிவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அப்பா விழித்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "எத்தினி நாளு?" என்றார்.

"அஞ்சு நாளுப்பா."

"அஞ்சு நாளைக்கி நான் சாவக் கூடாது. அவ்ளோதானே?" அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. "சரி. பாத்துக்கறேன்னு சொல்லு அந்தம்மாகிட்ட."

வியாழக்கிழமை காலையில் மாமாவும் நானும் அவரைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விட்டோம். எடையே இல்லை. வீட்டுக்காரம்மா சொன்னபடி இரண்டு பக்கமும் தட்டி கட்டியிருந்தார், தரையில் மணல் கொட்டியிருந்தார். வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அது ஐப்பசி. வெள்ளிக்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. கீற்று மக்கி இருந்தது. கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு இடத்தில் ஒழுகியது. மேலே ஒரு சாக்கைப் போட்டோம், சாக்கும் நனைந்தது. லாந்தர் காற்றில் அணைந்து அணைந்து போனது. அம்மா கட்டில் காலடியிலேயே குந்தியிருந்தாள். எதிரே பத்தடியில் எங்கள் அறை காலியாக இருந்தது.

ஒவ்வொரு காலையும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னிக்கி இன்னா நச்சத்திரம்?"

"சதயம்ப்பா."

"இன்னும் மூணு."

மறுநாள், "பூரட்டாதி." "இன்னும் ரெண்டு." களத்தில் நெல் அளந்து மரக்கால் எண்ணுகிறவரைப் போல நிதானமாக எண்ணினார். மூச்சு வாங்கும்போது கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். விட்டால் போய்விடுவோம் என்பது போல அப்படி ஒரு பிடி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து இறங்கினாள். பஸ்ஸில் யாரோ ஊர்க்காரர் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு மழையில் நேரே கொல்லைக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லாருக்குடா. மாட்ட வித்தாச்சின்னு அப்பனக் கட்டிவெச்சிருக்கீங்களா? நீ உள்ள லைட்டப் போட்டுக்கினு படிக்கிறியோ?"

இலாகாப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்தது உண்மைதான்.

"அக்கா, அஞ்சு நாளைக்கித்தான்..."

"படிச்சவன் பேசுற பேச்சா இது? நாலு எழுத்துத் தெரியாத எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தா சாவியத் தூக்கி அந்தம்மா மூஞ்சில அடிச்சிருப்பாரு."

"அடிச்சிட்டு எங்கடி கூட்டிட்டுப் போவ? ஒன் வூட்டுக்கா?" என்றாள் அம்மா.

அக்கா நனைந்த முக்காட்டை இழுத்துப் பிழிந்தாள். அவள் மாமியார் வீட்டிலும் ஒரு கூரை, ஒரு நிலைவாசல்தான். அங்கேயும் பஞ்சாங்கம் உண்டு.

அப்பாதான் கையைத் தூக்கினார். "சத்தம் போடாதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்ல."

செவ்வாய்க்கிழமை மழை விட்டது. ரேவதி முடிந்தது என்று மாமா சொன்னார். வீட்டுக்காரம்மா அறையைத் தானே கழுவி, சாம்பிராணி போட்டு, "கொண்டாங்க, கொண்டாங்க" என்று கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தன் மகளிடம் எங்களுக்கெல்லாம் காப்பி கொடுக்கச் சொன்னார். அப்பாவைத் தூக்கிவந்து பழைய இடத்தில் படுக்க வைத்தோம். உடம்பு கொதித்தது. நெஞ்சில் கரகரவென்று சளி.

"முடிஞ்சிதா?" என்றார்.

"முடிஞ்சிதுப்பா. அஞ்சும் போயிடுச்சி."

"லைட்டப் போடு."

பட்டப்பகல். போட்டேன். அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கட்டிலில் சட்டத்தைப் பிடித்திருந்த கைகள் இங்கே பாயில் விரிந்து கிடந்தன. அன்றிலிருந்து நட்சத்திரம் கேட்பதை நிறுத்திவிட்டார். நாங்களும் யாரும் பார்க்கவில்லை. இனி எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று உத்தரவு கிடைத்துவிட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. மாமா மில்லுக்குத் திரும்பினார், அக்கா புவனகிரிக்குப் போனாள். நான் ஆபீசுக்குப் போகத் தொடங்கினேன்.

உள்ளே வந்த நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். போனேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா போயிருந்தார்.

அழுகை கேட்டு வீட்டுக்காரம்மாவும் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நல்ல சாவு என்றார். பிள்ளை வீட்டில், படுக்கையில், கெட்ட நாளைத் தாண்டிப் போயிருக்கிறார் மகராசன் என்றார். நாள் பார்த்துச் சொல்கிறவர் வரும்வரை அப்படித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஆள் அனுப்பியதில் மாமா மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். அக்கா பஸ் கிடைக்காமல் சாயங்காலம்தான் வந்தாள்.

நாள் பார்க்கிறவர் நேரத்தைக் கேட்டார். சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைப் பிரிக்கவே இல்லை.

"ரோகிணியாச்சே," என்றார். "நாலு மாசம் அடைப்பு."

மாமா மடியிலிருந்து தன் பஞ்சாங்கத்தை எடுத்தார். செவ்வாய்க்கிழமையோடு நிறுத்தியிருந்த விரலை அதற்குக் கீழே இறக்கினார். அசுவினி. பரணி. கார்த்திகை. ரோகிணி. நாலே வரி. அடைப்பு நட்சத்திரங்களுக்கென்று பின்பக்கம் தனியாக ஒரு கட்டமே போட்டிருந்தது. கொடிய ஐந்துக்கு அடியில் நாலு மாதம், மூன்று மாதம், இரண்டு மாதம் என்று மற்றவையும் இருந்தன. கூடத்தில் இருந்த நால்வருக்கும் ஐந்துக்கு மேல் தோன்றவில்லை. அதைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்காரம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தைய்யி போச்சே," என்றார். "தைய்யி போச்சே." அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பாடை கட்டி முடிந்ததும் அறையின் பின்சுவரை இடித்தார்கள். இடிக்க ஆயுதம் தேடியபோது, கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த அப்பாவின் மண்வெட்டியை மாமா எடுத்துக் கொடுத்தார். மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர், சீக்கிரம் விழுந்தது. ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக அப்பாவைக் கொல்லைக்கு எடுத்தோம். வெளியே எடுத்ததும் எதிரே அந்தக் கொட்டாய்தான். கயிற்றுக்கட்டில் இன்னும் நிமிர்த்தி வைக்கப்படாமல் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் தெருவுக்குப் போக முடிந்தது.

அடைப்பு வீட்டிலிருந்து வருகிறவர்கள் என்று தெரிந்தால் யாரும் வீடு கொடுக்கவில்லை. கடைசியில் முதுநகரில், உப்புக் காற்றில் சுவர் பொரிந்துபோன ஒரு ஒற்றை அறை கிடைத்தது. அங்கிருந்து அம்மா தினமும் மூன்று மணிக்கே புறப்பட்டு வண்டிப்பாளையம் பாதைக்கு நடந்து வருவாள். பூட்டைத் திறந்து அந்த அறையில் அகல் ஏற்றி, அது நின்று எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு நடப்பாள். பல்பு போடக் கூடாது, விளக்குத்தான். முன்கட்டிலும் பூட்டு. வீட்டுக்காரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். கல்யாணம் பங்குனிக்குத் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டாலும் விட்டுப்போகவில்லை.

மாசி முடிந்து கணக்குத் தீர்க்கப் போனபோது, அவர் தன் பங்கு நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுடையதை மட்டும் சொன்னார். பூட்டிக் கிடந்த நாலு மாதத்துக்கு வாடகை எண்பது. சுவரை எடுத்துக்கட்டச் செங்கல்லும் கொத்தனாரும் பதினாலு. விளக்குக்கு அவர் வாங்கி வைத்திருந்த எண்ணெயும் திரியும் மூன்று. அட்வான்ஸ் அறுபதைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணி வாங்கினார்.

ஆக மொத்தம் தொண்ணூற்றேழு ரூபாய்.