அவருடைய நீராவியும் என்னுடைய குழாயும்

திருகோணமலைத் துறைமுகக் கரையில் உள்ள சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கேயே கொதிகலன் பகுதிக்குப் பொறுப்பு என் கணவர். தம்பலகாமத்து வயல்களின் நெல் உமியை எரித்து, நீராவி எடுத்து, ஆலைக்கு மின்சாரம் தருவது அவர் வேலை. வேலைக் கதையை நாங்கள் வீட்டுக்குள் எடுப்பதில்லை. போன வருடம் அது ஏலாமல் போனது.

அந்தக் கொதிகலனின் புகைபோக்கியால் போகும் கரியமில வாயுவைப் பிடிக்கலாமா என்று பார்க்கும் பொறுப்பை நிர்வாகம் எனக்குத் தந்தது. ஆளுயரக் குழாய் ஒன்றைப் பொருத்தி, கொஞ்சப் புகையை இரசாயனக் கரைசலுக்குள்ளால் விட்டேன். கரைசல் வாயுவை உறிஞ்சிக்கொண்டது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை; என் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

கரைசலிலிருந்து வாயுவைத் திரும்பப் பிரிக்க அதைச் சூடாக்க வேண்டும். அதற்கு அவருடைய நீராவி வேண்டும். பரிசோதனைக்குத் தயங்காமல் தந்தார். முழுப் புகைக்கும் எவ்வளவு தேவைப்படும் என்று நான் சொன்ன பின்னேரம், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"இவ்வளவையும் உமக்குத் தந்தால் மின்சாரத்துக்கு என்ன மிஞ்சும்? அதை வெளியில காசு குடுத்தெல்லோ வாங்கவேணும்."

"பிடிச்ச வாயுவை வைக்கவும் இஞ்ச இடமில்லை. திரவமாக்கிக் கப்பலில ஏத்தவேணும். அந்தச் செலவு வேற," என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். "நாளைக்கு நிர்வாகக் கூட்டத்தில கேட்டால் நான் ஏலாதெண்டுதான் சொல்லுவன். கோவிப்பீரோ?"

"இல்லை. நானே சொல்லுறன்."

கூட்டத்தில் அப்படியே சொன்னேன்: பிடிக்கலாம், ஆனால் எங்கள் அளவு ஆலைக்கு இன்று கட்டுப்படியாகாது. அதோடு நிறுத்த மனம் வரவில்லை. சீமெந்தின் கரியமில வாயுவில் பெரும்பங்கு, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, சீமெந்தாக அரைபடும் கிளிங்கர் உருண்டைகளைச் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. நாங்கள் கப்பலிலிருந்து இறக்கி அரைப்பது அந்தக் கிளிங்கரைத்தான். அதைக் குறைத்து, எங்களிடம் குவிகிற உமிச் சாம்பலைச் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார்கள்.

முதற்சாம்பலைக் கலந்து வார்த்த பரிசோதனைக் கட்டிகள், வலிமை பார்க்க இயந்திரத்தில் அழுத்தும்போது இலகுவாக நொறுங்கின. சரியாக எரியாமல் கரி கலந்து கறுத்த சாம்பல் உதவாது. எனக்காக அவர் நெருப்பைத் திருத்தித் திருத்தி எரித்தார். காலையில் ஒரு பையில் சாம்பலோடு வந்து, "இண்டைக்கு வெள்ளையாய் வந்திருக்கு, பாரும்," என்பார்.

அந்தச் சாம்பலில் செய்த கட்டியை அழுத்தியபோது அவரும் பக்கத்தில் நின்றார். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போனது. வேண்டிய அளவைத் தாண்டியும் கட்டி தாங்கியது. அவர் மூச்சே விடாமல் நின்றதை அப்போதுதான் கவனித்தேன்.