நிலா முகமும் நீலக் கைகளும்

நோர்வேயில், லோறென்ஸ்கூக் ஊருக்குப் போகும் பேருந்தின் கம்பியில் முழங்கை லேசாக இடித்தது. மாலைக்குள் கத்தரிக்காய் நிறம். நோர்வே எங்கள் நாட்டுக்காகச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். என் உடம்போடு பேசத்தான் ஆளில்லை. முழங்கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், நெஞ்சு இறுக்கத்தையும் போகிற போக்கில் சொன்னேன். முழங்கையை விட்டுவிட்டு இதயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பைபாஸ் சத்திரசிகிச்சை (அடைபட்ட இதயக் குழாய்க்கு மாற்றுவழி தைப்பது). அதற்கான நாளத்தை என் காலிலிருந்து எடுத்தார்கள். நான் ஆண்டுக்கணக்காகத் தொய்வுக்கு (ஆஸ்துமா) ஸ்டீராய்டு குளிசை விழுங்குபவன். அதனால் சத்திரசிகிச்சையின்போது அதைக் கூட்டி ஏற்றினார்கள்.

"குளிசைக்குப் பழகி, உங்கள் சுரப்பி இதைத் தானாகச் சுரக்க மறந்துவிட்டது. ஏற்றாவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும்" என்றார் டொக்டர்.

என்னைச் சோம்பேறி என்பது மனைவி றோசலினின் வழக்கம். அது சுரப்பிவரை பரவியிருப்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியதால், கூட்டிய அளவு சில வாரம் நீடித்தது. ஊசி வைத்த இடமெல்லாம் இரத்தம் கண்டி நீலமாகியது. சிறு இரத்தக்குழாய்களின் சுவரும் தோலும் அந்த மருந்தில் மெலிந்துவிட்டனவாம். இரத்தத்தில் சீனியும் ஏறியது. அதனால் நாளம் எடுத்த கால் காயம் மூட மறுத்தது. மூடாவிட்டால் திரும்ப வெட்டுவோம் என்றார்கள். கால் காயமே என் உலகமாயிற்று.

பார்க்க வந்தவர்களுக்கோ முகம் மட்டுமே தெரிந்தது. ஸ்டீராய்டில் ஊதிய பூரண நிலா.

"அண்ணை, முகம் நல்லாய் வந்திட்டுது! ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிச்சிட்டுது போல" என்றபடி, ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் நண்பர் அருளப்பு தொதல் இனிப்புப் பெட்டியை நீட்டினார்.

"இது மருந்து வீக்கமடா. சீனி ஏறினால் காயம் மூடாது."

"ஒரு துண்டு என்ன செய்யும்?" என்றவர் என் கைகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்கோ. அக்கா அடிக்கிறவவோ?"

பின்னால் நின்ற றோசலின் சொன்னாள்: "தொட்டாலே நீலம். அடிச்சால் பொலிஸ் வந்திடும். அதுதான் விட்டு வைச்சிருக்கிறன்."

தொதல் வாசத்தோடு கட்டிலில் கிடப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? குளிசையையே நிறுத்துகிறேன் என்று டொக்டரிடம் சீறினேன். "திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான்" என்று பதறினார். நீங்களும் இதே குளிசையோடு எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தால், டொக்டரோடு சண்டை பிடியுங்கள், குளிசையோடு வேண்டாம்.

அளவு குறையக் குறையச் சீனி இறங்கியது. ஒரு காலை, தாதி கட்டை அவிழ்த்துச் சிரித்தாள். காயம் மூடியிருந்தது. திரும்ப வெட்டுவதில்லை. முகமும் சுருங்கி, நான் நானானேன்.

பிறகொரு நாள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அருளப்பு ஓடி வந்து என் முன்கையைப் பிடித்தார்.

"ஐயோ அண்ணை! என்ன இப்பிடி வத்திப் போனியள்? வருத்தம் திரும்பிட்டுதோ?"

அங்கேயே காற்சட்டையைச் சுருட்டி, மூடிய காயத்தைக் காட்டினேன்.

"அது சரி அண்ணை... ஆனால் முகம்?"

இப்போது நான் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. அதன் வார் பட்டாலே தோல் கண்டிவிடுகிறது. அருளப்பு அனுதாபத்தோடு பதித்த ஐந்து விரல்களும் முன்கையில் நீலமாக இருந்தன. பிறகு பச்சை. பிறகு மஞ்சள். இன்று காலை மஞ்சளும் மங்கியிருந்தது. அவர் மறுபடி வரும் நேரமாகிவிட்டது.